சைலேஜ் உருளையைப் பிளக்க டிராக்டர் பின்னாடி ஸ்பிளிட்டர்: 45 எச்பி தாங்குமா?

கொடிவேரி
வணக்கம்ங்க. கறவை, சினை, கிடேரி எல்லாம் சேர்த்து 34 உருப்படி. தீவனம் ரெண்டு விதமா வருதுங்க. ஒன்னு, நறுக்கின மக்காச்சோள சைலேஜ் (காத்துப் புகாம மூடிப் புளிக்க வச்ச பசுந்தீவனம்), 450 கிலோ உருளை. இன்னொன்னு தீவனச்சோளம். வெட்டி வாட்டி, நறுக்காம அப்படியே பேலர்ல சுத்தி, வலை போட்டு, மேல பிளாஸ்டிக் சுத்தினது. 4 அடிக்கு 4 அடி, 550 கிலோ வாக்குல நிக்கும்.

மக்காச்சோளத்துல தொல்லை இல்லைங்க. சோள உருளைதான் கடப்பாரை போட்டாலும் பிரிய மாட்டேங்குது. டிராக்டர் பின்னால கருவி மாட்டுற மும்முனை இணைப்புல மாட்டுற ஸ்பிளிட்டரை உள்ளூர் பட்டறையில செஞ்சுக்கலாம்னு யோசனை. டிராக்டர் 45 எச்பி, லிஃப்ட் 1,500 கிலோன்னு புத்தகத்துல போட்டிருக்கு. ஹைட்ராலிக்ல டிரெய்லர் தூக்குற ஒத்தை லைன் மட்டும் இருக்கு. எந்த அமைப்பு சரிவரும், டிராக்டர் தாங்குமா, வலை துண்டு துண்டா தீவனத்துல விழாம எப்படிப் பாத்துக்குறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரன்
அண்ணே, ஸ்பிளிட்டர்ல பல வடிவம் இருக்கு. நம்ம பட்டறையில செய்யத் தோதானது ரெண்டுதான்.

முதல் வகை விரிக்கிறது. பிளாஸ்டிக்கையும் வலையையும் கையால முதல்ல எடுத்துடணும். அப்புறம் ஒட்டி நிக்கிற ரெண்டு ஆப்புக் கொம்பை உருளையில குத்தி, சிலிண்டர் போட்டு விரிச்சா உருளை ரெண்டா பிளக்கும். இரும்பு கம்மி, கத்தி கிடையாது. ஆனா 550 கிலோ உருளை தரையில கிடக்கிறப்ப அடியில மாட்டியிருக்கிற வலையை உருவணும். அங்கதான் கிழியும்.

ரெண்டாவது வகை வெட்டுறது. இதுல ஒரே விதிதான்: பிடி மேல, வெட்டு கீழ. பின் சட்டத்துல நடுவாந்திரமா ஒரு நீளக் கொம்பு, 100 செ.மீ. அதுக்கு ரெண்டு பக்கமும் 30 செ.மீ. குட்டைக் கொம்பு. உருளையோட தட்டை முகத்துல, மேல மூணுல ஒரு பங்கு உயரத்துல குத்தித் தூக்கணும். பாரம் கொம்புக்குக் கீழ தொங்குறதால உருளை சுத்தாது. சட்டத்தோட அடியில கீல் போட்ட கத்திக் கை, 135 செ.மீ. நீளம், கீழேயிருந்து மேல ஏறி வெட்டும். கொம்புக்கு ஒரு சாண் கீழயே கத்தி நிக்கிற மாதிரி தடை வைங்க. மிச்சம் தன் எடையிலேயே பிஞ்சு ரெண்டு பக்கமும் விழும். பிளாஸ்டிக்கும் வலையும் மேல இருக்கிற பல்லுப் பிடியில மாட்டித் தொங்கும்.

அந்தப் பிடியில பலபேர் ஏமாந்துடறாங்க. மேலேயிருந்து அமுக்குற ஒத்தைப் பட்டை போதாது. உருளை விழுந்ததும் அமுக்க எதிர்ப்பு இல்லாம வலை நழுவி தீவனத்து மேலயே விழும். எதிரும் புதிருமா ரெண்டு வரிசைப் பல்லு, நண்டுக் கொடுக்கு மாதிரி கிள்ளிப் பிடிக்கணும். தீவனத்தோட சேர்த்து ஒரு கை அளவு உள்ள இறங்கிக் கவ்வினா ஈரத்துலயும் வழுக்காது.

டீசல்புகை
1,500 கிலோங்கிற கணக்கு கீழ்க்கை (மும்முனை இணைப்போட கீழ் ரெண்டு கை) முனையில அளந்தது. உருளையோட நடுப்புள்ளி அங்க இல்லை, இன்னும் 80 செ.மீ. பின்னால இருக்கு. பின்னால போகப் போக தூக்கும் திறன் இறங்கும். இருந்தாலும் இங்க லிஃப்ட் பத்தாம போறது ரெண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை முன்சக்கரம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கருவி 300, உருளை 550, மொத்தம் 850 கிலோ. பின் அச்சிலிருந்து கீழ்க்கை முனை 90 செ.மீ., அங்கிருந்து பாரத்தோட நடுவு 80. ஆக 1.7 மீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர்னு வைங்க. 850 × 1.7 ÷ 2 = 722. அவ்வளவு எடை முன்னாலிருந்து கழியும். 2 டன் டிராக்டர்ல முன்னால இருக்கிறதே 800 கிலோதான். மிச்சம் 78. ஸ்டியரிங் திருப்பினா சக்கரம் திரும்பும், டிராக்டர் நேராப் போகும்.

டிராக்டர் எடையில அஞ்சுல ஒரு பங்காவது முன் அச்சுல எப்பவும் இருக்கணும். உங்களுக்கு 400 கிலோ. முன் அச்சுக்கு 70 செ.மீ. முன்னால பம்பர்ல 250 கிலோ எடைக்கட்டி போட்டா, 250 × 2.7 ÷ 2 = 337 கூடும். 78 + 337 = 415. மட்டு மட்டா சரி. 150 கிலோ போட்டுட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, வாய்க்கால் பாலம் ஏறுறப்ப முன்பக்கம் தூக்கும். ஓட்டுறப்ப தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும். தொட்டிக்கிட்ட வந்தப்புறம் மட்டும் தூக்குங்க.

உங்க வண்டியோட அச்சு இடைவெளியும் முன் அச்சு எடையும் வேற இருக்கும். எடை மேடையில முன்சக்கரத்தை மட்டும் ஏத்தி நிறுத்திப் பாத்துட்டு கணக்கைப் போடுங்க.

கொடிவேரி
அண்ணா, அப்ப முன்லோடர்ல மாட்டினா?

டீசல்புகை
கண்ணுக்கு முன்னால வேலை நடக்கும், கழுத்தைத் திருப்பிட்டு ஓட்ட வேண்டியதில்லை. ஆனா இருசக்கர இழுவை 45 எச்பியில முன் அச்சு, அதோட பேரிங், ஸ்டியரிங் மூட்டு எல்லாம் அந்தப் பாரத்துக்குச் செஞ்சது இல்லை. லோடர் கைக்கே எடை இருக்கு, அதுமேல 850 கிலோ. நாலுசக்கர இழுவை, 55 எச்பிக்கு மேலன்னா யோசிக்கலாம். அப்பவும் பின்னால 500 கிலோ எதிரெடை வேணும். உங்க வண்டிக்குப் பின்னால மாட்டுறதுதான் சரி.

பட்டறைக்காரன்
ஹைட்ராலிக்குக்கு வர்றேன். டிரெய்லர் லைன் ஒத்தைப் பக்கம் தள்ளுறது, திரும்பி வர்றது பாரத்தால. கத்திக்கு அது ஆகாது. மேல ஏறின கத்தி தீவனத்துல சிக்கினா கீழ இழுக்க அழுத்தம் வேணும். சிலிண்டரை ரெண்டு பக்கமும் தள்ளுற மாதிரி எண்ணெயைத் திருப்பிவிடுற டபுள் ஆக்டிங் டிசி வால்வு, ரெண்டு கைப்பிடி உள்ளது போடுங்க. ஒன்னு கத்திக்கு, இன்னொன்னு பிடிக்கு. ஒரே கைப்பிடியில ரெண்டையும் ஓட்ட சீக்வென்ஸ் வால்வு போடலாம். பிடி இறுகி அழுத்தம் ஏறினப்புறம்தான் கத்தி நகரும், ஆள் மறந்தாலும் வரிசை மாறாது. பணம் கொஞ்சம் கூடும், ஆனா கூலி ஆள் மாறி மாறி வர்ற இடத்துல அதுதான் நல்லது.

சிலிண்டர் அளவு: கத்திக் கை 135 செ.மீ., சிலிண்டர் கீல்லேயிருந்து 45 செ.மீ.ல தள்ளுதுன்னா, கத்தி நுனியில கிடைக்கிறது மூணுல ஒரு பங்கு. 63 மி.மீ. உள்விட்டம் 150 பார்ல 4¾ டன் தரும், நுனியில ஒன்றரை டன்தான். இறுகிச் சுத்தின சோளத்தண்டுல பாதி வழியில நின்னுடும். 80 மி.மீ. போட்டா ஏழரை டன், நுனியில ரெண்டரை. 40 செ.மீ. ஸ்ட்ரோக் போதும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் வந்தா 6 விநாடியில ஏறும். இதைவிட வேகம் வேண்டாம்.

பிடி சிலிண்டருக்கு 40 மி.மீ. போதும், ஆனா அதுல பைலட் செக் வால்வு கட்டாயம். ஹோஸ் வெடிச்சாலும் பிடி திறக்கக்கூடாது. கத்தி சிலிண்டருக்கும் ஒன்னு போட்டுடுங்க.

நாலுகாம்பு
எல்லாம் சரிதான். ஆனா கருவி தேவையான்னு யாரும் கேக்கலையே?

நறுக்கின மக்காச்சோள உருளைக்கு ஸ்பிளிட்டர் வேஸ்ட். ஒன்றரை, ரெண்டு செ.மீ. துண்டு, வலையை அறுத்ததும் மண்ணு மாதிரி சரியும். கொம்புல குத்தித் தூக்கினா தொட்டிக்குப் போறதுக்குள்ள பாதி வழியில கொட்டிடும். அதுக்கு வேணுங்கிறது ஒரு வாளி, இல்லன்னா உருளையை அணைச்சுத் தூக்குற கை, ஒரு கத்தி. ஸ்பிளிட்டர் லாயக்கு நீளத் தண்டுக்கு மட்டும்தான்: நறுக்காத சோளம், கம்பு நேப்பியர், உலர்புல்.

ரெண்டாவது, பிரிச்ச உருளை எத்தனை நேரத்துல தீருதுங்கிறது. மாட்டுக்கு 18 கிலோன்னா 34 உருப்படிக்கு 612 கிலோ. 550 கிலோ உருளை அன்னன்னைக்கே தீந்துடும், உங்களுக்குப் பொருந்தும். இதே 10 மாடு வச்சிருக்கிறவர் இதைப் படிச்சுட்டு ஸ்பிளிட்டர் செஞ்சா, உருளை மூணு நாள் கிடக்கும். நம்ம சித்திரை வெயில்ல காத்து பட்ட சைலேஜ் மறுநாளே சூடேற ஆரம்பிக்கும். ஈஸ்ட் முதல்ல, அதுக்குப் பின்னால பூஞ்சை. உள்ள கையை விட்டா கதகதன்னு இருக்கும், புளிப்பு வாசம் போய் மக்கல் வாசம் வரும், மாடு மோந்துட்டு தள்ளிப் போகும். 15 மாட்டுக்குக் கீழன்னா 50, 60 கிலோ மூட்டை சைலேஜ் வாங்குங்க. கருவியும் வேண்டாம், டிராக்டரும் வேண்டாம்.

கருவியோட அளவை மாட்டு எண்ணிக்கை தீர்மானிக்கணும், வீடியோ இல்ல.

பட்டறைக்காரன்
நாலுகாம்பு அண்ணன் சொல்றதுல ஒன்னு மட்டும் திருத்தம். கத்தி வகையில பாதி உருளையை மட்டும் இறக்க முடியாது, வெட்டினா ரெண்டு பாதியும் விழும். ஆனா விரிக்கிற வகையில மேல் பாதியைத் தள்ளிட்டு மிச்சத்தை உருவின பிளாஸ்டிக்காலயே மூடி நிழல்ல போட்டு வைக்கலாம். 20 மாடு வரைக்கும் அது ஓடும்.

கீழக்காவிரி
வைக்கோல் பக்கமும் ஒரு வார்த்தை. டெல்டாவுல அறுவடை இயந்திரம் போன வயல்ல கட்டுற சின்ன உருளை 15லேருந்து 25 கிலோவுக்குள்ளதான். அதுக்கு அரிவாள் போதும், சணலை அறுத்து உருட்டிவிட்டா பாய் விரிஞ்ச கணக்கா வந்துடும். இந்தக் கருவியைப் பார்த்துட்டு வைக்கோலுக்கும் ஆகுமான்னு கேக்குறவங்களுக்காகச் சொல்றேன்.

4 அடி பெரிய உருளையா வைக்கோல் கட்டினா 160லேருந்து 200 கிலோ வரும். அதை வெட்டு ஸ்பிளிட்டர்ல போடாதீங்க. காய்ஞ்ச வைக்கோல் கத்திக்கு முன்னால மடங்கி மடங்கி வழுக்கும், அறுபடாது. மணல்ல இருக்கிற அதே சிலிக்கா வைக்கோல்லயும் இருக்கு, கத்தி சீக்கிரம் மழுங்கும். உருளை சுருளாச் சுத்தினதுதானே, சுத்தின திசைக்கு எதிரா உருட்டிவிட்டா தானே பிரியும். எந்தப் பக்கம் உருட்டினா வருதுன்னு முதல் உருளையில பார்த்துட்டு, மிச்சத்தை எல்லாம் அதே பக்கம் திருப்பி அடுக்கிடுங்க.

நடுவுல கருப்பா, கட்டியா இருந்தா மாட்டுக்குப் போடாதீங்க. ஈரத்தோட கட்டினது.

மாட்டுவைத்தியம்
வலை குறித்துக் கேட்டிருந்தீர்கள். உருளை வலையும் பிளாஸ்டிக் சுற்றும் பாலிஎத்திலீன். பெருவயிற்று நுண்ணுயிர்கள் இதை உடைப்பதில்லை. மாடு நாக்கால் வாரிச் சுருட்டி விழுங்கும் விலங்கு. ஆட்டைப் போல உதட்டால் பொறுக்கித் தள்ளாது. ஒரு விரல் நீளத் துண்டு ஒரு தடவை போனால் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் சேரும்போது நூல் பின்னிக்கொண்டு கயிறாகும், பிறகு பந்தாகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: காரணம் தெரியாமல் தீனி குறைதல், அசைபோடுவது குறைதல், மருந்து கொடுத்தால் தணிந்து மறுபடி வரும் வயிறு உப்பிசம், சாணி அளவு குறைந்து இறுகிப் போதல், பால் மெல்ல இறங்குதல். எண்ணெய் ஊற்றியோ பேதி மருந்து கொடுத்தோ பந்து வெளியே வராது. வயிற்றைத் திறந்து எடுக்கும் அறுவைதான் வழி. நாமக்கல், வேப்பேரி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது வழக்கமாகச் செய்யப்படும் அறுவை.

தடுப்பு எளிது. ஒவ்வொரு உருளைக்குப் பிறகும் பிடியில் தொங்கும் வலையைத் தரையில் விரித்துப் பாருங்கள். முழுத் தகடாக இருக்க வேண்டும். மூலை கிழிந்திருந்தால், அந்தத் துண்டு கிடைக்கும் வரை மாட்டை அவிழ்க்கக் கூடாது. கம்பி கொண்டு கட்டிய உருளை என்றால் தனி அபாயம்: கம்பித் துண்டு தேன்கூட்டு வயிற்றைக் குத்தி இதயம் வரை போகும்.

தீவனச்சோளத்தில் இன்னொன்று. பூக்கும் பருவத்துக்கு முன் வெட்டிய இளஞ்சோளத்தில் நச்சு இருக்கும். சைலேஜாகப் புளிக்கும்போது கணிசமாகக் குறையும் என்றாலும், பாதிக்கு மேல் பூத்த பிறகு வெட்டியதையே வாங்குங்கள். சுற்றி ஒரு மாதம் ஆகாத உருளையைப் பிரிக்காதீர்கள்.

கொடிவேரி
நன்றிங்க டாக்டர். பட்டறைக்கார அண்ணே, வலை முழுத் தகடா வரணும்னா வெட்டு எந்தத் திசையில போகணும்?

பட்டறைக்காரன்
வலை உருளையோட வட்டத்தைச் சுத்தி வருது. கத்தி ஒரு தட்டை முகத்துலேருந்து எதிர்த் தட்டை முகம் வரைக்கும், அச்சு வாக்குல வெட்டணும். அப்பத்தான் எல்லாச் சுத்தும் ஒரே கோட்டுல அறுந்து, பாய் மாதிரி தொங்கும். குறுக்க, வட்ட வாக்குல வெட்டினா ஒவ்வொரு சுத்தும் ரெண்டு நாடாவா ஆகும். அதுதான் தீவனத்துல கலக்கிறது. நான் சொன்ன அமைப்புல கொம்பும் கத்தியும் ரெண்டுமே அச்சு வாக்குலதான்.

மிச்சம் ரெண்டு இடத்துல தப்பும். ஒன்னு வெளி முகம்: கத்தி நுனி உருளையைத் தாண்டி 10 செ.மீ.யாவது நீட்டிட்டு இருக்கணும், இல்லன்னா அந்தப் பக்கத்து பிளாஸ்டிக் அறாம உருளை பை மாதிரி தொங்கும். ஆள் போய் கையால அறுக்கப் போவாரு, 550 கிலோவுக்கு அடியில. அதை எந்த நாளும் அனுமதிக்காதீங்க. தரையில இறக்கி, இன்ஜினை அணைச்சுட்டுத்தான் கை வைக்கணும். ரெண்டு, உள் முகம்: சட்டத்தை ஒட்டி இருக்கிறதால கத்தி வேர் அங்க நல்லா அறுக்காது. கொம்பு குத்துறதுக்கு முன்னாலயே அந்த முகத்துல மேலேயிருந்து கீழ கைக்கத்தியால ஒரு கீறல் போட்டுடுங்க.

வேலை வரிசை: கீறல், குத்து, ஒரு சாண் தூக்கி ஓட்டம், தொட்டிக்கிட்ட நிறுத்தி ஹேண்ட் பிரேக், உயர்த்து, பிடியை இறுக்கு, கத்தி. விழுந்ததும் கத்தியை முழுசா கீழ கொண்டுவந்துட்டு, அப்புறம்தான் தள்ளி வந்து பிடியைத் திற.

டீசல்புகை
ரெண்டு பாதியும் சமமா விழலைன்னா டாப் லிங்கை (மேல் இணைப்புக் கம்பியை) பாக்காதீங்க, அது முன்னும் பின்னும்தான் சாய்க்கும். கீழ்க்கை ரெண்டும் ஒரே மட்டமான்னு பாருங்க. வலது கையில இருக்கிற திருகை மாத்தினா சரியாகும். கீழ்க்கைச் சங்கிலியையும் இறுக்குங்க, ஆட்டம் இருந்தா கொம்பு நடுவுல குத்தாது.

நாலுகாம்பு
பிளந்ததோட வேலை முடியலை. தண்டு இன்னும் முழம் நீளம்தான் இருக்கும். அப்படியே தொட்டியில போட்டா இலையைத் தின்னுட்டு தண்டை ஒதுக்கும், காலடியில இழுத்துப் போடும். பாதி உருளையை முள்கரண்டியால அடுக்கு அடுக்கா உரிச்சு சாப் கட்டர்ல (தீவனம் நறுக்குற மெஷின்ல) விடுங்க. ஆனா வலை பாக்காம கட்டர்ல விட்டா டாக்டர் சொன்னதைவிட மோசம், ஒரு துண்டு நூறு துண்டாகும்.

கீழக்காவிரி
அடுக்கி வைக்கிறதுலயும் கவனம் வைங்க தம்பி. உருளையை தட்டை முகம் தரையில படுற மாதிரி நிமிர்த்தி வைக்கணும். அந்த முகத்துலதான் பிளாஸ்டிக் சுத்து அதிகம், உருவமும் சப்பையாகாது. சப்பையான உருளையில கொம்பு நடுவுல குத்தாது. சோளத்தண்டு முனை உள்ளேயிருந்தே பிளாஸ்டிக்கைக் குத்தும், அதனால 4 அடுக்கு போதாது, 6 கேளுங்க, 8ன்னா இன்னும் நல்லது. காக்கா, மயில், எலி போட்ட ஓட்டையை அன்னிக்கே சைலேஜ் டேப்பால ஒட்டணும். பார்சல் டேப் ரெண்டு வெயில்ல உரிஞ்சுடும். ஒட்டற இடம் காஞ்சிருக்கணும்.

கொம்பு குத்தின உருளையைத் திரும்ப அடுக்கக் கூடாது. குத்தினா அன்னிக்கே பிரிக்கணும்.

கொடிவேரி
கத்திக்கு லாரி பட்டை ஸ்பிரிங் போடலாம்னு இங்க வெல்டர் சொல்றாருங்க. கைக்கு நேரா வெல்டிங் வச்சுடலாமாம். சரியா?

பட்டறைக்காரன்
பட்டை நல்லது, வெல்டிங் கெடுதல். ஸ்பிரிங் எஃகு கார்பன் கூடினது. சூடாக்காம வெல்டிங் வச்சா ஓரத்துல மயிரிழை விரிசல் விழும், ஒருநாள் பாரத்துல படக்குன்னு உடையும். கைக்கு சாதா இரும்புல 16 மி.மீ. தகடு போட்டு, அதுல ஸ்பிரிங் பட்டையை போல்ட்ல மாட்டுங்க. 75 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம். 16 மி.மீ. போல்ட், 8.8 தரம், 15 செ.மீ.க்கு ஒன்னு. மழுங்கினா கழட்டிச் சாணை பிடிக்கலாம். ஓட்டை போடுறதுக்கு முன்னால அந்த இடத்தை மட்டும் சூடாக்கி மெதுவா ஆறவிடச் சொல்லுங்க, இல்லன்னா டிரில் பிட்தான் போகும்.

விளிம்பு நேரா வேண்டாம், ரம்பம் மாதிரி பல்லு வெட்டுங்க. நேர் விளிம்பு தண்டை அமுக்கும், பல்லு அறுக்கும்.

கொம்பு, கீல் பின் ரெண்டும் இஎன் 8 தர எஃகுல. கொம்பு 45 மி.மீ., பின் 35, கிரீஸ் நிப்பிள் வச்சு. சைலேஜ் சாறு அமிலம், பெயின்ட் உரிஞ்ச இடத்துலேருந்து அரிக்கும். வேலை முடிஞ்சதும் தண்ணி அடிச்சுக் கழுவுங்க. குயிக் கப்ளருக்கு மூடி போட மறக்காதீங்க. சீல் போறதெல்லாம் அங்க புகுற மண்ணாலதான்.

கொடிவேரி
சரிங்க. கத்தி வகை, 80 மி.மீ. சிலிண்டர், சீக்வென்ஸ் வால்வு, முன்னால 250 கிலோ. மக்காச்சோளத்துக்கு இதைத் தொடறதில்லை. இணைப்புப் பின் எந்த அளவு போடச் சொல்லட்டும்?

டீசல்புகை
45 எச்பியில மும்முனை இணைப்பு பெரும்பாலும் ரெண்டாம் வகை (கேட்டகரி 2). கீழ்ப் பின் 28 மி.மீ., ரெண்டுக்கும் இடைவெளி 825. மேல் பின் 25. வெர்னியர் வச்சு உங்க கீழ்க்கை உருண்டையோட ஓட்டையை அளந்துட்டே சொல்லுங்க. 22 வந்தா அது முதல் வகை, அந்தப் பின்னுல இந்தப் பாரம் ஏத்தாதீங்க, உருண்டையை மாத்திடுங்க.

பட்டறைக்காரன்
பின்னுக்கு ரெண்டு பக்கமும் தாங்கல் இருக்கிற மாதிரி இரட்டைத் தகடு போடச் சொல்லுங்க. ஒத்தைத் தகட்டுல நீட்டி விட்ட பின் இந்த எடையில வளையும்.